தொங்கிப் பார்த்தால்தான் காத்தாடி

புதுக்கோட்டைக்கு மின்சாரம் வந்த நாள் முதல், ஊரில் பெரிய மனிதர் என்று பெயர் எடுத்த அத்தனை பேரையும் அவரவர் வீட்டு உத்திரத்தில் இரண்டு கையாலும் பிடித்துத் தொங்க வைத்த ஆள் ஒருவர்தான். வக்கீல்கள் தொங்கியிருக்கிறார்கள். ஒரு டாக்டர் தொங்கியிருக்கிறார். சமஸ்தானத்து உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்று, தெருவில் எதிரே வருகிறவர்களுக்குத் தலையைக்கூட அசைக்காத ஒரு மனிதர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொங்கியதை நானே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தொங்காதவர் வீட்டில் காத்தாடி சுற்றாது. அதுதான் சட்டம். அந்தச் சட்டத்தைப் போட்டவருக்கு ஊர் வைத்த பெயர் தொங்கலார்.

வீட்டுக் கூரையில் மின்சாரக் காத்தாடி மாட்டுவதுதான் அவர் தொழில். அந்தக் காலத்துக் காத்தாடி இப்போது கிடைப்பதுபோலப் பூவாக இருக்காது. வார்ப்பு இரும்பில் அண்டா மாதிரி ஒரு வயிறு, அதில் நாலு மர இறக்கை. இரண்டு ஆள் சேர்ந்தால்தான் தூக்க முடியும்.

தொங்கலாரோ ஒல்லி. சைக்கிளில் காத்தாடித் தண்டைக் கட்டிக்கொண்டு வந்தால், தெரு முனையில் நின்று பார்க்கிறவர்களுக்கு எது தண்டு, எது ஆள் என்று தெரியாது. வேட்டிக்கு மேலே ஒரு காக்கிக் கோட்டு. சித்திரை வெயிலிலும் கழற்ற மாட்டார். அதில் பதினொரு பைகள், எல்லாப் பையிலும் திருகாணிகள். அவர் நடந்து வந்தால் சலங்கை கட்டிய மாடு வருகிற மாதிரி சத்தம் கேட்கும்.

அவர் முதலில் காத்தாடி மாட்டியது கீழ ராஜ வீதியில் ஒரு ஜவுளிக்கடை முதலாளி வீட்டில். கூடத்தின் நடுவில் மாட்டி, சுற்றவிட்டு, கும்பிடு போட்டுவிட்டு வந்தார். ஒரு வாரம் கழித்துக் காத்தாடி எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போனால், கூடத்தில் காத்தாடி மட்டும் ஜோராகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆளைக் காணோம். வீட்டில் உள்ள ஒன்பது பேரும் பக்கத்து அறையில் வேர்த்து வழியப் படுத்துக்கொண்டு, கதவு இடுக்கு வழியாகக் காத்தாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

"ஏன் அங்கிட்டுப் படுத்திருக்கீங்க?" என்று இவர் கேட்டிருக்கிறார்.

"மேலே விழுந்துட்டா?" என்று முதலாளி கேட்டிருக்கிறார்.

தொங்கலார் மேஜையைப் போட்டு ஏறினார். காத்தாடியைக் கழற்றி இறக்கினார். உத்திரத்தில் இருந்த கொக்கியில் அந்த வீட்டு உலக்கையைக் கயிறு போட்டுக் குறுக்காகக் கட்டினார். முதலாளியை மேஜைமேல் ஏற்றி, உலக்கையைப் பிடிக்கச் சொல்லி, மேஜையை இழுத்துவிட்டார். தொங்கலார் ஒரு வெற்றிலை போட்டு முடிக்கிற வரைக்கும் முதலாளி தொங்கினார். அன்று மத்தியானமே ஒன்பது பேரும் கூடத்துக்கு வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு உலக்கையும் வெற்றிலையும் இல்லாமல் தொங்கலார் எந்த வீட்டிலும் காத்தாடி மாட்டியது கிடையாது.

இதில் தந்திரம் செய்து பார்த்தவர்களும் உண்டு. ஒரு தாசில்தார் தனக்குப் பதிலாகத் தன் சேவகனைத் தொங்கச் சொன்னார்.

"தொங்கட்டுங்க, வேணாங்கலை," என்றார் தொங்கலார். "ஆனா கொக்கியை யாரு நம்புறாகளோ அவுகளுக்குத்தான் காத்து. இவரு வீடு எங்கிட்டு இருக்கு? அங்கே கொண்டுபோய் மாட்டிருவோம்."

தாசில்தார் தொங்கினார்.

ஒரு வக்கீல் இவரைக் கேட்காமல், பட்டணத்தில் இருந்து தானே ஒரு காத்தாடி வாங்கி வந்து மாட்டிக்கொண்டார். அது வேறு மாதிரி மின்சாரத்துக்குச் செய்த காத்தாடி. நாலு சுற்றுச் சுற்றிவிட்டுப் புகைந்து நின்றுவிட்டது. தொங்கலாருக்கு ஆள் போனது. வந்தார். செருப்பை வாசலிலேயே விட்டார். மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, காத்தாடிக்கு நேர் கீழே கொஞ்ச நேரம் தலை குனிந்து நின்றார். பிறகு வக்கீல் கையைப் பிடித்துக்கொண்டு தாழ்ந்த குரலில் கேட்டார்.

"எத்தனை மணிக்குப் போச்சுங்க?"

இப்படிப்பட்டவரிடம் நான் போய் மாட்டிக்கொண்டேன். எனக்கு அப்போது தெற்கு மூன்றாம் வீதியில் சின்னதாக ஒரு நாட்டு மருந்துக் கடை. படிப்பு நாலாம் வகுப்பு. ஆட்களிடம் பேசுவதற்குக் கூச்சம். கடைக்கு வருகிறவர்கள் வியாதியைச் சொல்வார்கள், நான் பொட்டலத்தைக் கொடுப்பேன், அவ்வளவுதான் பேச்சு. கடையை ஒட்டிப் பக்கத்திலேயே வீடு. ஒரு கூடம், ஒரு அடுப்படி. காரைத்தளம் போட்ட கூரை. காலையில் குடிக்கிற வெயிலை எல்லாம் அது சாயங்காலம் எங்கள்மேல் கக்கும்.

யுத்தம் முடிந்து ஒரு வருஷம் இருக்கும். என் மனைவி அழகம்மாள் தலைப்பிரசவம் முடிந்து, மூன்று மாதக் கைக்குழந்தையோடு பங்குனியில் வீட்டுக்கு வந்தாள். இருபது நாள்தான். குழந்தையின் கழுத்து, முதுகு, அக்குள் எல்லாம் வேர்க்குரு பூத்துவிட்டது. சந்தனம் அரைத்துப் பூசினேன். நன்னாரி போட்டேன். கடையில் இருந்த குளிர்ச்சிச் சரக்கு எல்லாம் தீர்ந்தது. வேர்க்குரு தீரவில்லை. குழந்தை அழுதால், கூட அழகம்மாளும் அழுதாள்.

கீரமங்கலத்தில் இருந்து மாமனார் பார்க்க வந்தார். தென்னந்தோப்பும் பூந்தோட்டமும் வைத்திருக்கிற மனிதர். நிழலிலேயே வளர்ந்தவர். எங்கள் கூடத்தில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்தார். துண்டைப் பிழிந்தார்.

"மாப்ளை, தப்பா நினைக்காதீங்க. இது வீடு இல்லை, செங்கச் சூளை," என்றார். "பிள்ளையையும் பேத்தியையும் நான் கூட்டிக்கிட்டுப் போறேன். டவுன்ல காத்தாடின்னு ஒண்ணு மாட்டுறாகளாமே. மாட்டிட்டுச் சொல்லி அனுப்புங்க. கொண்டாந்து விடுறேன். இல்லைன்னா ஐப்பசி மழைக்குப் பாத்துக்குவோம்."

ஐப்பசிக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அழகம்மாள் வண்டியில் ஏறும்போது என்னைப் பார்த்த பார்வையில், ஏதாவது சொல்லேன் என்று இருந்தது. அப்போதும் சொல்லவில்லை.

மறுநாள் தொங்கலாரைப் போய்ப் பார்த்தேன். வந்தார். கூரையைப் பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்தார். கோட்டுப் பையில் இருந்து ஒரு சுண்ணாம்புக் கட்டியை எடுத்தார்.

"படுங்க," என்றார்.

"எங்கே?"

"நீங்க வழக்கமா எங்க படுப்பீங்களோ அங்க. காத்தாடியை நடுக் கூடத்துல மாட்டுறவன் மேஸ்திரி இல்லைங்க. ஆளுக்கு நடுவுல மாட்டணும்."

படுத்தேன். என்னைச் சுற்றித் தரையில் கோடு போட்டார்.

"வீட்ல அவுக எங்க படுப்பாக?"

காட்டினேன்.

"எப்படிப் படுப்பாக?"

"ஒருக்களிச்சு."

"அவுக இல்லையில்ல. நீங்க படுங்க, ஒருக்களிச்சு. காலை மடக்குவாகளா? அப்ப மடக்குங்க. இம்புட்டா? குளிர்காலத்துல படுக்குற மாதிரி படுக்காதீங்க, இது கோடை."

என் மனைவி மாதிரி ஒருக்களித்துப் படுத்தேன். அதையும் கோடு போட்டார். பிறகு தொட்டில் தொங்கிய இடத்துக்குக் கீழே ஒரு சின்ன வட்டம். மூன்று உருவத்துக்கும் நடுவில் ஒரு புள்ளி வைத்தார். அந்தப் புள்ளிக்கு நேர் மேலேதான் கொக்கி என்றார்.

அவர் போன பிறகு கூட்டுவதற்குத் துடைப்பத்தை எடுத்தேன். சுண்ணாம்புக் கோட்டில் அழகம்மாள் படுத்திருந்தாள். அவளைச் சுற்றித்தான் கூட்டினேன்.

காத்தாடி வாங்கத் திருச்சிக்குப் போனோம். ஊருக்குத் திரும்புகிற துரைமார் பங்களாக்களில் கழற்றிப் போட்ட சாமான்கள் அங்கே ஒரு கிடங்கில் குவிந்து கிடந்தன. காத்தாடிகள் மட்டும் பதினைந்து இருபது இருக்கும். எனக்கு எல்லாம் ஒன்றாகத் தெரிந்தது. தொங்கலார், மணப்பாறைச் சந்தையில் மாடு பிடிக்கிறவர் மாதிரி ஒவ்வொன்றையும் சுற்றி வந்தார். வயிற்றைத் தட்டினார். முதுகைத் தடவினார். கையால் சுற்றிவிட்டு, காதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டார். அது நிற்கிற வரைக்கும் மூச்சுக்கூட விடவில்லை.

வெள்ளையாக, பித்தளைப் பூ வைத்த ஒரு காத்தாடி எனக்குப் பிடித்திருந்தது.

"அது வேணாங்க. அது பேசும்," என்றார்.

"காத்தாடி பேசுமா?"

"கிர்ர்னு ஒரு சத்தம். பத்து நாள் போனா வீடு பூரா அந்தச் சத்தந்தான் கேக்கும்."

இன்னொன்றைக் காட்டினேன்.

"அது கோவக்காரக் காத்தாடி. மெதுவா சுத்தவே தெரியாது."

கடைசியில், கிடங்கு மூலையில் சட்டி மாதிரி கறுத்துப்போய்க் கிடந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டார். சுற்றிவிட்டால் அது பாட்டுக்கு ஓசை இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

"இதுதான் ஒங்களுக்கு."

"ரொம்பக் கறுப்பா இருக்கே," என்றேன்.

"இருக்கட்டும். நீங்களும் பேச மாட்டீங்க. காத்தாடி பேசுச்சுன்னா, அப்புறம் வீட்டுல ஆம்பளை அதுதான்."

கிடங்குக்காரர் சிரித்தார். வாங்கிக்கொண்டு வந்தோம்.

கொக்கி அடித்தார். மின்கம்பி இழுத்தார். சுவரில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற பெட்டியை மாட்டினார். எல்லாம் முடிந்தது. அடுப்படிக்குப் போய் அவரே உலக்கையை எடுத்து வந்து கொக்கியில் கட்டினார். மடியில் இருந்து வெற்றிலைப் பொட்டலத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஏறுங்க."

என் கூடத்து ஜன்னல் தெருவைப் பார்த்து இருந்தது. எதிரே ஒரு தையல்கடை. அந்தத் தையல்காரருக்கு ஊசியைப் பார்த்துத் தைக்கிற பழக்கம் கிடையாது. எங்கள் வீட்டைப் பார்த்துத்தான் தைப்பார். அவர் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்.

"ஜன்னலைச் சாத்திக்கலாமா?" என்றேன்.

"இருட்டுல தொங்கினா நம்பிக்கை வராதுங்க."

"எனக்கு ஒங்க மேலே நம்பிக்கை இருக்கு."

"என் மேலே இருக்கட்டும். கொக்கி மேலே இருக்கா?"

தெருவில் இன்னும் நாலு பேர் வந்து நின்றுவிட்டார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். தொங்கலார் கோபப்படவில்லை. வெற்றிலையைத் திரும்ப மடியில் கட்டினார். காத்தாடியைச் சாக்கில் சுற்றிச் சுவரோரம் வைத்தார்.

"சொல்லி அனுப்புங்க, வாரேன்," என்று சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

பன்னிரண்டு நாள் அந்தக் காத்தாடி தரையில் உட்கார்ந்திருந்தது. நான் அதன் பக்கத்தில் பனை விசிறியால் விசிறிக்கொண்டு படுத்திருந்தேன். தெருவில் யாரைப் பார்த்தாலும், "என்ன, தொங்கியாச்சா?" என்பதுதான் கேள்வி. தையல்காரர் வாய் திறந்து கேட்க மாட்டார். என்னைப் பார்ப்பார், பிறகு மேலே பார்ப்பார்.

பதின்மூன்றாம் நாள் கீரமங்கலத்தில் இருந்து ஒரு கார்டு வந்தது. அழகம்மாள் யாரிடமோ சொல்லி எழுதியிருந்தாள். மூன்றே வரி. பாப்பா குப்புற விழுந்துவிட்டது. எல்லோரும் பார்த்தார்கள். நீங்கள்தான் பார்க்கவில்லை.

கடையைச் சாத்தினேன். நேராகத் தொங்கலார் வீட்டுக்குப் போனேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, மோரைக்கூடக் குடிக்காமல் கையைக் கழுவினார்.

உச்சி வெயில். தெருவில் நாய்கூட இல்லாத நேரம் என்று நினைத்துத்தான் ஏறினேன். உலக்கையைப் பிடித்தேன். மேஜையை இழுத்தார். கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் ஜன்னல் நிறையத் தலைகள். முன்வரிசையில் தையல்காரர், கழுத்தில் அளவு நாடாவோடு.

"முடிஞ்சுதா?" என்றேன்.

"இன்னும் சுண்ணாம்பே தடவலைங்க," என்றார் தொங்கலார்.

அன்றைக்கு என்று அவருக்கு வெற்றிலையில் காம்பு நீளமாக இருந்தது. ஒவ்வொன்றாகக் கிள்ளினார். பாக்கு கடினமாக இருந்தது. நிதானமாகக் கடித்தார். ஜன்னலில் இருப்பவர்களிடம், ஆவூரில் மாதா கோயில் தேருக்கு இந்த வருஷம் கூட்டம் அதிகமாமே என்று விசாரித்தார். "கையை மாத்திப் பிடிக்காதீங்கண்ணே, வழுக்கும்," என்று தையல்காரர் எனக்கு யோசனை சொன்னார். ஒருவழியாகத் தொங்கலார் துப்பிவிட்டு வந்து மேஜையைத் தள்ளினார்.

இறங்கினேன். கை இரண்டும் எரிந்தன. ஆனால் அவர் செய்கிற வேலையில் ஒரு சூட்சுமம் இருந்தது, அதைச் சொல்ல வேண்டும். பிறகு அதே கொக்கியில் அந்தக் கறுத்த காத்தாடியைத் தூக்கி மாட்டிச் சுற்றவிட்டபோது, அதன் கீழே போய் நின்ற எனக்கு மேலே பார்க்கத் தோன்றவே இல்லை. காற்றை மட்டும் வாங்கிக்கொண்டு நின்றேன். அன்றே கார்டு எழுதினேன்.

நாலாம் நாள் மத்தியானம், கரியில் ஓடுகிற பஸ்ஸில் இருந்து, முகமெல்லாம் புகை படிய மூவரும் வந்து இறங்கினார்கள். மாமனார் தோளில் ஒரு பலாப்பழம். அழகம்மாள் இடுப்பில் குழந்தை. குழந்தை என்னை அடையாளம் தெரியாமல் பார்த்தது. அது என் மனதைக் கொஞ்சம் என்னவோ செய்தது.

அழகம்மாள் கூடத்துக்குள் வந்ததும் தரையைப் பார்த்தாள்.

"இது யாரு?"

"நீதான்," என்றேன்.

"நான் இம்புட்டுக் குண்டா?"

ஊரில் இருந்து வந்து நாங்கள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

நான் பெருமையாகச் சுவரில் இருந்த பெட்டியைத் திருப்பினேன். காத்தாடி சுற்றியது. மாமனார் நிமிர்ந்து பார்த்தார். அவரும் மாடு பிடிக்கிறவர்தான். அதைச் சுற்றி ஒரு முறை வந்தார். பிறகு எதிர்ப்பக்கமாக ஒரு முறை வந்தார்.

"மாப்ளை, இது என்ன கனம் இருக்கும்?"

"ஒரு மூட்டை நெல்லு இருக்குங்க மாமா," என்றேன். பெருமையில் கொஞ்சம் கூட்டியே சொல்லிவிட்டேன். அதுதான் தப்பு.

அவர் பலாப்பழத்தைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

"ஒரு மூட்டை நெல்லு மேலே சுத்துது. அதுக்குக் கீழே என் பேத்தி படுக்கணுமா? அழகம்மா, கிளம்பு. சாயந்தரப் பஸ்ஸு இருக்கு."

அழகம்மாள் குழந்தையோடு அடுப்படி வாசலில் போய் உட்கார்ந்தாள். பஸ்ஸுக்கு மூன்று மணி நேரம் இருந்தது. தெருவில் இறங்கி ஓடினேன். வாழ்க்கையில் தெருவில் நான் ஓடியது அன்றைக்குத்தான்.

தொங்கலார் மேல ராஜ வீதியில் ஒரு வக்கீல் வீட்டில் மேஜைமேல் நின்றுகொண்டிருந்தார். கீழே வக்கீல், உலக்கையைப் பிடிக்கத் தயாராகக் கை இரண்டையும் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன்.

"வக்கீலய்யா, ஒரு மணி நேரம் பொறுங்க. இங்கே காத்துதான் பிரச்சினை. அங்கே குடும்பம்," என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

எங்கள் கூடத்துக்குள் அவர் சலங்கைச் சத்தத்தோடு நுழைந்தபோது, மாமனார் பலாப்பழத்தை இறக்கி வைக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

"அய்யாவுக்கு வணக்கம். பழம் நல்லாப் பழுத்திருக்கு போலருக்கு. இங்கிட்டு வைங்க," என்றார் தொங்கலார். அவர் வைத்தார். "காத்தாடியை இறக்கிர்றேன். நீங்க ஒருக்கா இந்தக் கொக்கியில தொங்கிப் பாருங்க."

"நான் எதுக்குய்யா தொங்கணும்? வீட்டுக்குள்ள ஒரு மனுசன் உத்தரத்துல தொங்குறது நல்லாவா இருக்கு?"

"கையில பிடிச்சுத் தொங்குறதுதானங்க. தென்னை மரம் ஏறலையா நீங்க?"

"அது அந்தக் காலம். இப்ப இடுப்பு பிடிச்சு நாலு வருஷம் ஆச்சு. குனிஞ்சா நிமிர முடியலை. நான் எங்கிட்டுத் தொங்குறது?"

"ஒங்க மாப்பிள்ளை தொங்கினாரு."

மாமனார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவுகளா?"

"நாங்க பாத்தோம்," என்றார் ஜன்னலில் இருந்து தையல்காரர்.

அதற்குமேல் ஒரு மாமனாருக்கு வேறு வழி இல்லை. காத்தாடியை இறக்கி, உலக்கையைக் கட்டி, நானும் தொங்கலாரும் ஆளுக்கு ஒரு பக்கம் தாங்கி அவரை மேஜைமேல் ஏற்றினோம். மீசையை ஒதுக்கிக்கொண்டு, குலதெய்வத்தை நினைத்து, உலக்கையைப் பிடித்தார். என்னைப்போல மூன்று பங்கு எடை. மேஜையை இழுத்தோம். உத்திரம் ஒரு முனகல்கூட முனகவில்லை. தொங்கலார் வெற்றிலைப் பொட்டலத்தைப் பிரித்தார். அப்போது மாமனாரின் முதுகில் இருந்து, காய்ந்த மட்டையை ஒடித்த மாதிரி ஒரு சத்தம் வந்தது.

நான் பயந்துபோனேன். அழகம்மாள் எழுந்துவிட்டாள்.

"அப்பா," என்றாள்.

மாமனார் முகத்தில் மெள்ள மெள்ள ஒரு வெளிச்சம் வந்தது.

"இறக்கிரவா மாமா?" என்றேன்.

"சும்மா இருங்க மாப்ளை. இப்பத்தான் நரம்பு எடத்துக்கு வந்திருக்கு."

தொங்கலார் வெற்றிலை போட்டு முடித்தார். மாமனார் இறங்கவில்லை. இன்னொரு வெற்றிலை போடச் சொன்னார். அதுவும் முடிந்த பிறகு இறங்கி, குனிந்து தன் கால் விரலைத் தொட்டார். நிமிர்ந்தார். திரும்பவும் தொட்டார். நாலு வருஷமாகப் பார்க்காத சொந்தக்காரரைப் பார்ப்பதுபோலத் தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி, எங்க வீட்டுலயும் இது மாதிரி ஒண்ணு அடிச்சுத் தரணும்."

"கீரமங்கலத்துக்குக் கரண்டு வந்துருச்சுங்களா?"

"கரண்டு எதுக்கு? காத்தாடி எதுக்கு? கொக்கி மட்டும் போதும்."

பின்னால் தொங்கலார் கீரமங்கலம் போய் அந்தக் கொக்கியை அடித்தும் கொடுத்தார். அக்கம்பக்கத்தில் இடுப்புப் பிடித்தவர்கள் எல்லாம் வரிசையாக வந்து தொங்கிவிட்டுப் போவார்களாம். காத்தாடி இல்லாத வீட்டிலும் ஆட்களைத் தொங்க வைத்தவர் என்ற பெயர் அவருக்கு அப்படித்தான் வந்தது.

அது கிடக்கட்டும். மாமனார் ஒரே உற்சாகமாகிவிட்டார். "மாட்டுங்கய்யா காத்தாடியை. யானையைக் கட்டினாலும் தாங்கும்," என்றார். நான் காத்தாடியின் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். தொங்கலார் இரண்டு திருகாணிகளை உதட்டில் கவ்விக்கொண்டு மேஜைமேல் ஏறினார். ஏறியவர் அப்படியே நின்றுவிட்டார். அடுப்படிப் பக்கம் பார்த்தார்.

அழகம்மாள் தொட்டில் துணியை அவிழ்த்து அடுப்படிக்குள் கொண்டுபோய், அடுப்புக்குப் பக்கத்துக் கம்பில் கட்டிக்கொண்டிருந்தாள்.

தொங்கலார் திருகாணிகளை வாயில் இருந்து எடுத்தார்.

"தங்கச்சி என்ன சொல்லுது?" என்றார்.

"அவ என்ன சொல்றது? அதான் நான் சொல்லிட்டேன்ல," என்றார் மாமனார்.

"நீங்க சொல்லிட்டீங்க. நீங்களா இதுக்குக் கீழே பிள்ளையைப் போட்டுட்டுத் தூங்கப் போறீங்க?"

தொங்கலார் அழகம்மாளைப் பார்த்து, "சொல்லுத்தா," என்றார்.

அவள் தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"அப்பா தொங்கினாக. இவுக தொங்கினாக. எனக்குப் பயமாத்தான் இருக்குண்ணே."

அவள் ஊருக்குப் போயிருந்த இருபத்திரண்டு நாளில், காத்தாடியைப் பற்றி நான் எத்தனையோ யோசித்தேன். கறுப்பா வெள்ளையா என்று யோசித்தேன். தெருவில் யார் பார்ப்பார்கள் என்று யோசித்தேன். இவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. மாமனாருக்கும் தோன்றவில்லை. ஒரு பெண்ணைப் போய் உத்திரத்தில் தொங்கு என்று யார் சொல்வது?

தொங்கலாரும் சொல்லவில்லை. மேஜையில் இருந்து இறங்கினார். அவிழ்த்து வைத்த உலக்கையை எடுத்து மறுபடி கொக்கியில் கட்டினார். இந்தத் தடவை ஒரு முழம் தாழ்த்திக் கட்டினார். மேஜையை உலக்கைக்கு நேர் கீழே போட்டு, ஆடாமல் இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார். குழந்தையை வாங்கி மாமனார் கையில் கொடுத்தார். ஜன்னல் கதவுகளைச் சாத்தினார். இருட்டில் நம்பிக்கை வராது என்று எனக்குச் சட்டம் சொன்ன அதே மனிதர்தான்.

"வாங்க, நம்ம வெளியில நிப்போம்," என்றார்.

கதவை இழுத்துச் சாத்திவிட்டு மூன்று ஆண்களும் தெருவில் நின்றோம். வெயில் இன்னும் தணியவில்லை. தொங்கலார் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மாமனார் திரும்பிப் பார்க்கப் போனார். "அங்கிட்டுப் பாருங்கய்யா," என்று தொங்கலார் அவர் தோளைப் பிடித்துத் திருப்பினார். எதிரே தையல்காரர் நிமிர்ந்தார். தொங்கலார் அவரை ஒரு பார்வை பார்த்தார். அந்த மனிதர் என் ஞாபகத்தில் முதல் தடவையாகத் தலையைக் குனிந்து, ஊசியைப் பார்த்துத் தைத்தார்.

உள்ளே மேஜை கிறீச்சிட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை.

தொங்கலார் வெற்றிலையை எடுக்கவில்லை. கோட்டுப் பைகளைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, திருகாணிகள் சத்தம் போடாமல் நின்றார். மாமனார் கையில் குழந்தை அவர் மீசையை இழுத்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. உள்ளே இருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. அழகம்மாள் அப்படி வாய்விட்டுச் சிரித்து, கல்யாணம் ஆன இரண்டு வருஷத்தில் நான் கேட்டதில்லை.

கதவு திறந்தது. முகம் சிவந்திருந்தது. கை இரண்டையும் முந்தானைக்குள் வைத்திருந்தாள்.

"மாட்டுங்கண்ணே," என்றாள்.

என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை. தொங்கலாரும் கேட்கவில்லை. உள்ளே போய் மேஜைமேல் ஏறி, நாங்கள் தூக்கிக் கொடுத்த காத்தாடியை வாங்கி மாட்டினார். அழகம்மாள் அடுப்படியில் இருந்து தொட்டிலை அவிழ்த்து வந்து, பழைய இடத்தில் அவளே கட்டினாள். குழந்தையைப் போட்டாள். நான் பெட்டியைத் திருப்பினேன்.

சாயந்தரப் பஸ் வந்தது. மாமனார் மட்டும் அதில் போனார்.

வக்கீல் வீட்டில் இருந்து இரண்டு தடவை ஆள் வந்துவிட்டது. தொங்கலார் கிளம்பவில்லை. அவர் மேலே காத்தாடியைப் பார்க்கவும் இல்லை. தொட்டில் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, குழந்தையின் நெற்றியில் நாலைந்து மயிர் காற்றில் அசைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வக்கீல் காத்திருக்கிறார் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல், நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.